நண்டில்லாக் கூழ்

— கூழ் எண்டால் நண்டு கிடக்கவேணும். நண்டு எங்கை?

— முதல் குடிச்சுப் பாருமன், பிறகு…

— நண்டு எங்கையெண்டு கேட்டனான்.

— பயத்தங்காய் கிடக்கு, பலாக்கொட்டை கிடக்கு, மரவள்ளி கிடக்கு. முருங்கையிலையும் போட்டனான். அளவாய்ப் புளி, அளவாய் உறைப்பு…

— உதுக்குப் பேர் கூழில்லை. உது சாம்பாருக்கை பனங்கிழங்கு ஒடியல்மா கரைச்சு விட்டது.

— சரக்கை வாயிலை வையாமலே குறை சொல்லுற ஆள் நீர். உம்மைப்போலை வாடிக்கையாள் ஒராள் வந்தாலே எனக்கு அண்டைக்கு யாவாரம் சரி.

— இது உங்கடை பதுளைக் கடையில்லை. இது என்ரை கட்டில்.

— கத்தாதையும். கத்தினால் பிறகு மூச்சு வாங்கும்.

— வாங்கட்டும். மூச்சை மிச்சம்பிடிச்சு இனி என்ன செய்யிறது? பெரியாஸ்பத்திரியிலை என்ன சொல்லி அனுப்பினவை? இனி மருந்தாலை ஒண்டும் ஏலாது, வீட்டை கொண்டுபோய் மனிசிக்கு விருப்பமானதைச் சமைச்சுக் குடுங்கோ எண்டு. சொன்னவையோ இல்லையோ?

— சொன்னவைதான்.

— நான் என்னத்தைக் கேட்டனான்? பட்டுச்சீலை கேட்டனானோ? நண்டு போட்டு ஒரு பனையோலைப் பிளா நிறைய ஒடியல் கூழ். சாகப்போற மனிசிக்கு மரக்கறிக் கூழ் காய்ச்சின ஆம்பிளை, இந்தத் தீவெல்லாம் தேடினாலும் நீங்கள் ஒராள்தான்.

— நண்டு கிடைக்கேல்லையப்பா. காத்துக்காலம். கடலுக்கு ஒருத்தரும் போகேல்லை.

— காத்தோ? முற்றத்திலை வேப்பிலை ஒண்டும் அசையேல்லை. கட்டிலிலை கிடந்தாலும் எனக்குக் கண் தெரியுது.

— தெரியுது, தெரியுது. நாக்கும் நல்லாய் வேலை செய்யுது.

— இண்டைக்கு என்ன கிழமை?

— புதன்.

— கந்தசட்டியோ? கௌரிகாப்போ? அமாவாசையோ?

— ஒண்டுமில்லை.

— அப்ப ஏன் உங்கடை கோப்பையிலையும் மீன் இல்லை? நான் பாத்துக்கொண்டுதான் கிடக்கிறன். மீன் இல்லாட்டில் சோத்துக் கோப்பையைத் தள்ளிவிடுற மனிசன். கலியாணவீட்டுப் பந்தியிலையே மரக்கறியெண்டு மூஞ்சையைத் தூக்கி வைச்சுக்கொண்டு இருந்த மாப்பிளை. இப்ப மாசக்கணக்காய்க் கத்தரிக்காயோடை குடும்பம் நடத்துறார்.

— வயித்துக்கு ஒத்துக்கொள்ளுதில்லை.

— வயிறோ! முப்பது வருசம் கடைச்சாப்பாடு சாப்பிட்டுப் பழுதாப்போகாத வயிறு, நான் படுத்த உடனை பழுதாப்போச்சு.

— சரி, தலையை நிமித்தும். சீலை நனையப்போகுது.

— தலையைத் தொடாதையுங்கோ! காலமை பின்னிவிட்ட பின்னல் இன்னும் இழுக்குது. என்ன முடிச்சப்பா போட்டனீங்கள்?

— சீனிச்சாக்குக்குப் போடுற முடிச்சு. லேசிலை அவிழாது.

— அவிழாதுதான். என்னைக் கொண்டுபோய் எரிக்கேக்கையும் அவிழாது. மனிசியின்ரை தலையும் சீனிச்சாக்கும் ஒண்டே உங்களுக்கு?

— சீனிச்சாக்கு வாய் காட்டாது.

— அங்கை பாருங்கோ, மருந்துக் குளிசையைக் கூடக் கடதாசிச் சுருளிலை சுத்தி வைச்சிருக்கிறார். காலமைச் சுருள், மத்தியானச் சுருள், பொழுதுபட்ட சுருள். என்ரை கட்டிலைச் சுத்திப் பலசரக்குக் கடை!

— இராசமணியக்கா! படலை திறந்து கிடந்துது, வந்திட்டன். என்னக்கா, றோட்டு மட்டும் சத்தம் கேக்குது?

— வா சூசையம்மா. நீயே வந்து பார், இந்த மனிசன் காய்ச்சி வைச்சிருக்கிற கூழை.

— கூழெண்டு கேள்விப்பட்டுத்தானே வந்தனான். நண்டில்லாமல் என்ன கூழ், மாதாவே! என்ரை மனிசன் விடியக் கொண்டுவந்ததிலை நல்ல கொழுத்த நண்டாய்ப் பாத்து எடுத்து வைச்சனான். இந்தாங்கோ, உடைச்சுக் கழுவிக்கொண்டே வந்திட்டன்.

— காத்துக்காலமாம், சூசையம்மா. கடலுக்கு ஒருத்தரும் போகேல்லையாம்.

— ஆர் சொன்னது? இண்டைக்கு விடியக்கூட குலசிங்கமண்ணைக்கு வேலியாலை நீட்டினனான். அவர்தான் வேண்டாமெண்டு…

— பிள்ளை, உம்மடை ஆடு வேலிக்குள்ளாலை பூந்து எங்கடை மரவள்ளியை…

— ஆடு கட்டித்தான் கிடக்கண்ணை.

— வேண்டாமெண்டவரோ?

— அதை விடுங்கோக்கா. அண்ணையைப்போலை மனிசன் ஆருக்குக் கிடைக்கும்? குளிப்பாட்டி, சோறு தீத்தி, பாட்டும் படிச்சு… எங்கடை ஒழுங்கைப் பெடியளெல்லாம் இப்ப அந்தப் பாட்டுத்தானே படிக்குதுகள்.

— எந்தப் பாட்டு?

— அதுதானக்கா. “உப்புக்கஞ்சி குடியுமப்பா, ஒரு மிடறு குடியுமப்பா, சுப்பன் வீட்டு நாய் குடிக்கும், நீர் குடிக்கமாட்டீரோ?”

— ஐயோ கறுமம்! ஊரெல்லாம் என்னை நாயோடை சேத்துப் பாடுதோ?

— உம்மடை வாயைத் திறக்கப் பண்ணத்தானே கட்டினனான். சிரிச்சனீரோ இல்லையோ? கோப்பையிலை கிடந்ததெல்லாம் குடிச்சனீரோ இல்லையோ?

— விசரிலை சிரிச்சனான். கேள் சூசையம்மா, கடையிலை இருந்த காலத்திலை இவர் எனக்கு எழுதின காயிதங்களைப் பாத்திருக்கவேணும். “நான் நலம், நீர் நலமோ, செத்தல் மிளகாய் விலை ஏறிப்போச்சு.” அதோடை முடிஞ்சுது. அந்த மனிசன் இப்ப எதுகை பாத்துப் பாட்டுக் கட்டுறார்.

— கோயிலுக்குப் போய்ப் போய்ப் பாட்டு வந்திருக்கும்.

— எந்தக் கோயிலுக்கு?

— நயினாதீவு அம்மாளிட்டைத்தான். என்ரை மனிசன் குறிகட்டுவான் துறைக்கு மீன் குடுக்கப் போகேக்கை வெள்ளிக்கு வெள்ளி காணுறவராம். கையிலை பூவோடை லோஞ்சிலை முன்னுக்கே ஏறிக் குந்தியிருப்பாராம். என்னண்ணை முழிக்கிறியள்? அக்காவுக்குத் தெரியாதே?

— அக்காவுக்குத் தெரிஞ்சது ஊர்காவற்றுறை ஆஸ்பத்திரி. அங்கை சனம் கூடவாம். திரும்பி வரேக்கை சென்றியிலை இந்தியன் ஆமி மறிச்சு வைச்சிருந்ததாம். வெள்ளிக்கு வெள்ளி மறிக்கிறான், பாவம், அவனுக்கும் வேறை வேலையில்லையெண்டு நானும் நினைச்சுக்கொண்டு கிடந்தன்.

— ஆஸ்பத்திரிக்கெண்டுதானே என்னையும் இஞ்சை காவல் வைச்சிட்டுப் போனவர்!

— மருந்தும் எடுத்தனான்தானே.

— பறையாதையுங்கோ. எல்லாம் விளங்கிப்போச்சு. மீன் மச்சம் விட்டது, பொய் சொன்னது, பூக் கொண்டுபோனது. சூசையம்மா, இந்த மனிசன் என்ரை உயிருக்கு நேர்த்திக்கடன் வைச்சிருக்கிறார்.

— நல்லதுதானே அக்கா?

— என்ன நல்லது? நேர்த்தி வைச்சால் அம்மாள் ஆளை விடமாட்டா, தெரியுமோ உனக்கு? இவரின்ரை தாய்க்கு மூத்த மச்சாள் அப்பிடித்தான் நேர்த்தி வைச்சவ. மாமி போகவும் ஏலாமல் இருக்கவும் ஏலாமல் ஒரு வருசம் இழுத்துப் பறிச்சுக்கொண்டு கிடந்தா. முதுகெல்லாம் புண். நான்தான் கழுவினனான். இவர் எங்கை கண்டவர்? இவர் பதுளையிலை பருப்பு நிறுத்துக்கொண்டு நிண்டவர்.

— இராசம்…

— என்ன இராசம்? எனக்கு நோகுது. உங்களுக்குச் சொல்லேல்லை, எலும்புக்குள்ளை இருந்து நோகுது. நான் போகவேணும். ஒருத்தரையும் அரியண்டப்படுத்தாமல், பேசாமல் போகவேணும். நீங்கள் என்னெண்டால் வெள்ளிக்கு வெள்ளி லோஞ்ச் ஏறிப்போய் என்ரை காலிலை கயிறு கட்டிப்போட்டு வாறியள். அவிழாத முடிச்சு! சீனிச்சாக்கு முடிச்சு!

— அண்ணை, அக்கா சொல்லுறதிலையும் ஞாயம் கிடக்கு. நேர்த்தியை இறக்கி வையுங்கோவன். எங்கடை பக்கமெண்டால் சுவாமியாரிட்டை ஒரு சொல்லுச் சொன்னால் காணும், அவர் மாத்தித் தருவார்.

— பிள்ளை, உங்கடை சுவாமியாரையும் இதுக்கை இழுக்காதையும்.

— உதவிக்குத்தானே சொன்னனான்.

— சூசையம்மா, அந்த நண்டைச் சட்டிக்கை போடு. போட்டு நல்லாய்க் கொதிக்க விடு. கொதிச்ச உடனை இவர் அதை உருசி பாப்பார். பாத்தால் நேர்த்தி முறியும், நானும் குடிப்பன். பாக்காட்டில், இண்டையிலை இருந்து எனக்குக் கூழுமில்லை, கஞ்சியுமில்லை. வாய் திறவன். எந்த நாயின்ரை பாட்டுப் படிச்சாலும் திறவன்.

— இதென்ன பிடிவாதமப்பா. காலமையிலை இருந்து ஒரு சொட்டுத் தண்ணி இறங்கேல்லை உமக்கு.

— அது உங்கடை கையிலைதான் கிடக்கு.

— நண்டு சிவந்திட்டுது அக்கா. மணக்குது, என்ன மணம்! அண்ணை, இந்தாங்கோ அகப்பை. நான் வாறன், உலையிலை அரிசி கிடக்கு. இதிலை நிண்டால் என்னிலையும் ஒரு பாட்டுக் கட்டிப்போடுவார்.

— அவள் போயிட்டாள். இனி உருசி பாருங்கோ.

— நீர் முதல் ஒரு மிடறு…

— பாருங்கோ எண்டுறன்.

— கொதிக்குதப்பா, ஆறட்டும்.

— கொதிக்கிறது கூழோ, உங்கடை பயமோ? நான் பசியோடை கிடக்கிறன். நாளைக்கு அம்மாள் கேட்டால் சொல்லுங்கோ, மனிசி பசியோடை கிடந்தாள், அதாலை முறிச்சனான் எண்டு. அவவும் பொம்பிளைதானே, விளங்கும்.

— உப்புக் காணும். புளிதான் ஒரு துளி கூட.

— என்ன?

— உருசி பாத்திட்டன். நண்டுச் சாறு நல்லாய் இறங்கியிருக்கு.

— பாத்தனீங்களோ? உண்மையாய்? வாயைத் திறந்து காட்டுங்கோ. அடி ஆத்தை, இவ்வளவு லேசாய் முறிச்சிட்டியள்! ஒருக்காக் கன்னத்திலை கூடப் போடேல்லை!

— முறியிறதுக்கு அங்கை நேர்த்தியே இல்லையப்பா. இந்தாரும், பிளாவைப் பிடியும். ஊதிக் குடியும்.

— கையிலை பலமில்லை. நீங்களே பிடியுங்கோ. ம்… காறுது. ஒடியல்மாவை ஊறப்போட்டுத் தண்ணி வடிச்சனீங்களோ?

— வடிச்சனான்.

— ஒருக்கா வடிச்சால் காணாது, திருப்பித் திருப்பி வடிக்கவேணும். எத்தினை தரம் சொல்லித் தந்தனான்! நண்டு நல்ல நண்டு. அந்தக் காலிலை சதை கிள்ளித் தாங்கோ. சரி, நேர்த்தி இல்லையெண்டால் என்னத்தைக் கேட்டு அம்மாளிட்டைப் போனனீங்கள்?

— ஒண்டும் கேக்கேல்லை.

— கேக்காமல் கோயிலுக்குப் போறவை ஆர்? அறியாத வயதிலை இருந்து நான் கேட்டுக்கேட்டுத்தான் போனனான். கேட்டதொண்டையும் அவ தரேல்லை. வருத்தம் வந்த பிறகு அவவோடை கதைக்கிறதையே விட்டிட்டன். நீங்கள், கடையிலை யாவாரத்துக்கெண்டு சாமிப்படத்துக்குக் கற்பூரம் காட்டினதைத் தவிர ஒரு நாள் மனசாரக் கும்பிட்ட ஆளில்லை. நான் விட்ட இடத்திலை வந்து நீங்கள் பிடிச்சுக்கொண்டு நிக்கிறியள்.

— உம்மடை சீலையளைத் தோய்ச்சுப்போட்டு ஒருநாள் கிணத்தடியிலை நிண்டனான். நீர் உள்ளுக்கை காகத்தோடை சண்டை. “உனக்கு வைச்சது முற்றத்திலை கிடக்கு, என்ரை யன்னலிலை என்னடி பார்வை” எண்டு. காகமும் விடேல்லை, திருப்பிக் கத்துது. என்ரை மனிசி காகத்தோடை வாய் காட்டுறவ எண்டு, பேரப்பிள்ளை கண்ட பிறகுதான் எனக்குத் தெரியவருது.

— காகம் எங்கை வந்தது இதுக்கை?

— நித்திரையிலை ஒரு கையைக் கன்னத்துக்குக் கீழை வைச்சுக்கொண்டு படுக்கிறனீர். அதுவும் எனக்குத் தெரியாது. பொய் சொல்லேக்கை மூக்கைத் தடவுறனீர். சாமத்துக் கிணத்துத் தண்ணி இனிக்கும் எண்டுறனீர். திருவிழாவுக்கு வந்து பெட்டியை அவிட்டு, கொடியிறங்க முன்னமே திரும்பக் கட்டிக்கொண்டு போற மனிசனுக்கு இதெல்லாம் ஆரப்பா சொல்லுறது?

— கதையை மாத்தாதையுங்கோ. கேக்காட்டில், என்னத்துக்குப் போனனீங்கள்?

— உபகாரம் சொல்லப் போனனான்.

— என்னது?

— உபகாரம், நன்றி. வெறுங்கையோடை போய்ச் சொல்லக் கூச்சமாய்க் கிடந்தது. எனக்கெண்டு விருப்பமானது மீன் ஒண்டுதானே மிச்சம், அதைக் குடுத்தன். இப்ப உமக்காகத் திருப்பி எடுத்திட்டன். அவ குறை நினையா.

— எனக்கு வாற கோவத்துக்கு இந்தக் கூழை உங்கடை தலையிலை ஊத்தவேணும். உபகாரமோ! எந்தச் சீருக்கு? முப்பது வருசம் கட்டியெழுப்பின கடையை எண்பத்திமூண்டுக் கலவரத்திலை ஒரு பின்னேரத்துக்கை எரிச்சு முடிச்சாங்கள். உடுத்த சாறத்தோடை அகதிக் கப்பலிலை வந்து இறங்கினனீங்கள். வேறை போக்கிடம் இல்லாமல்தான் இந்த வீட்டுக்கை வந்து குந்தினனீங்கள் எண்டு எனக்குத் தெரியும், நான் குறையாய்ச் சொல்லேல்லை. பிள்ளையள் ஜேர்மன் பனிக்குள்ளை நிக்குதுகள். நான் எலும்பும் தோலுமாய்க் கிடக்கிறன். சொல்லுங்கோ, இதிலை எதுக்கு உபகாரம்?

— முதல் சொன்னீரே, அதுக்கு.

— எதுக்கு?

— கடை எரிஞ்சதுக்கு. அது எரியாமல் நிண்டிருந்தால், இராசம், உம்மடை செத்தவீட்டுக்குத் தந்தி அடிச்சுத்தான் என்னைக் கூப்பிட்டிருப்பினம்.