கழலாத பிடி

ரோமெட், பனியில் சறுக்கக் குட்டைப் பலகை வாங்க வருகிறவர்கள் முதலில் நிறத்தைத்தான் பார்ப்பார்கள். அதில் ஒன்றும் தப்பில்லை. நான் கொஞ்ச நேரம் பார்க்க விட்டுவிடுவேன். ஆசை தீர்ந்த பிறகுதான் காரியம் பேச முடியும்.

'எது ஞாபகம் வந்தாலும் எழுதிக் குடுங்க' என்று நேற்று சொன்னாய். எழுதுகிறேன். நான் படித்தது கீழே ஒரு சின்ன ஊர்ப் பள்ளிக்கூடத்தில். அங்கே கடிதத்துக்கு மூன்று பகுதி என்று சொல்லிக்கொடுத்தார்கள்: முதலில் நலம், பிறகு காரியம், கடைசியில் வேண்டுகோள். இன்றுவரை நான் அந்த வரிசையை மீறியதில்லை.

நலம். நான் நன்றாக இருக்கிறேன். நல்ல வெயில். லியென்ஹார்ட் இங்கே மலைமேல் மொட்டை மாடியில் காலை நாற்காலிமேல் நீட்டிப்போட்டுக்கொண்டு சூப் குடிக்கிறான். காலில் மாவுக்கட்டு இருக்கிறதே தவிர ஆள் நலம்தான். இங்வில் புதுப் பலகையோடு மலையேற்றும் லிஃப்டுக்குப் போயிருக்கிறாள்.

உன்னை 'நீ' என்று எழுதுவதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டாய். நான் உட்கார்ந்திருப்பது அந்த லிஃப்டின் நடு நிலையத்துப் பட்டறையில். ஆயிரம் மீட்டருக்கு மேலே போய்விட்டால் நமக்குள் 'நீங்கள்' கிடையாது. போலீஸ் ஆனாலும் சரி, பாதிரியார் ஆனாலும் சரி. நேற்று கீழே போலீஸ் ஸ்டேஷனில், லியென்ஹார்டின் விபத்தைப் பற்றி, "வெண்டலின், உங்களுக்கு இதுல வேற ஏதாவது தெரியுங்களா?" என்று கேட்டாய். "தெரியாதுங்க" என்றேன். 'நீங்க' போட்டுக் கேட்ட கேள்விக்கு அதுதான் பதில். மேலே வந்து கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

இனி காரியம்.

மலை முழுக்க ஓட்டவும் வேண்டும், சறுக்கு வித்தை காட்டும் பார்க்கில் இரும்புப் பெட்டிமேல் ஏறிச் சறுக்கவும் வேண்டும் என்றால், அதற்கு ஏற்ற குட்டைப் பலகை கிடைப்பது அபூர்வம். முதலில் அதன் வளைவைப் பார்க்க வேண்டும். தரையில் வைத்தால் மூக்கும் வாலும் தோணிபோல மேலே தூக்கி நிற்க வேண்டும். ராக்கர் என்கிறார்கள். புதுப்பனியில் மூக்கு புதையாது, பெட்டி விளிம்பில் இடறாது. அடுத்தது விறைப்பு. வாலைத் தரையில் ஊன்றி, நடுவில் உள்ளங்கையை வைத்து முழு உடம்பாலும் அழுத்திப் பார்க்க வேண்டும். வில்போல வளைந்து கொடுத்தால் அது சின்னப் பிள்ளைகளுக்கு. முனகிக்கொண்டு நிற்க வேண்டும். அப்போதுதான் காலை நேரத்து ஐஸில் வேகமெடுக்கும்போது அது படபடக்காது. கடைசியில் ஆயுள். உள்ளே முழு மரமா, ஓரத்து இரும்பு தடிமனா, பக்கச் சுவர் விரலால் தட்டினால் கெட்டியாக ஒலிக்கிறதா. மூன்றும் சேர்ந்த பலகையை நான் லியென்ஹார்டுக்குத் தேடிக் கொடுத்தேன். அதைவிட நல்ல பலகை இந்தப் பள்ளத்தாக்கில் இல்லை. இதை நீ கட்டாயம் குறித்துக்கொள்.

லியென்ஹார்ட் என் பட்டறைக் கூட்டாளி. நான் பலகையில் பூட்ஸ் மாட்டும் பிடியைப் பூட்டுவேன். அவன் அடியில் மெழுகு தேய்ப்பான். பகல் முழுக்க வாய் ஓயாது. அவன் பாடினால் மெழுகே உருகாது என்று நான் சொல்வேன். நான் அவிக்கும் க்னோடல் மாவுருண்டையை எறிந்தால் பனிச்சரிவு கிளம்பும் என்று அவன் சொல்வான். எனக்கு வேறு சிநேகிதர்கள் கிடையாது. தேவைப்பட்டதும் இல்லை.

பல வருஷத்துக்கு முன்னால் ஒருமுறை அவன் கணுக்கால் உடைந்தது. அது தானாக நடந்தது, அதில் எனக்குப் பங்கில்லை. எங்கள் ஊரில் கால் உடைவது மற்ற ஊரில் சளி பிடிப்பது மாதிரி. யாரும் எப்படி என்று கேட்பதில்லை, எந்தக் கால் என்றுதான் கேட்பார்கள். அந்தக் குளிர்காலம் முழுக்க அவன் என் வீட்டில் இருந்தான். உருளைக்கிழங்கை வறுத்து மேலே முட்டை உடைத்து ஊற்றிக் கொடுப்பேன். சாப்பிட்டுவிட்டுச் சீட்டைக் கலைத்துப் போடுவோம். வாட்டன் நாலு கை ஆட்டம் என்று உனக்குத் தெரியும். கூட்டாளிக்குக் கண்ணடித்துச் சேதி சொல்லலாம், அதிலேயே பொய்யும் சொல்லலாம், விதி அனுமதிக்கிறது. ரெண்டு பேர் ஆடினால் உப்பில்லாத சூப். இருந்தாலும் ஆடினோம். என் வாழ்க்கையில் அவ்வளவு சிரித்ததில்லை. கட்டுப் பிரித்த அன்று அவன் துள்ளிக் குதித்தான். நான் கைதட்டினேன். வீட்டுக்கு வந்து, அவன் கால் நீட்டியிருந்த நாற்காலியை எடுத்து வைக்க மனசு வரவில்லை.

பிறகுதான் நார்வேயிலிருந்து இங்வில் சறுக்கப் பயிற்சி கொடுக்க வந்தாள். நல்ல பெண். வேலை முடிந்து ஊருக்குத் திரும்பினாள், லியென்ஹார்டுக்குக் கடிதம் போட்டாள். இந்தக் குளிர்காலத்தில் பனி விழத் தொடங்கியபோது லியென்ஹார்ட் மெழுகுக் கட்டியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னான்:

"டேய் வெண்டி, ஈஸ்டர் முடிஞ்சதும் நான் நார்வே போறேன்டா. அவகூட இருக்கப்போறேன்."

"அங்க மலை இருக்கா?"

"உன் மூக்கைவிடப் பெருசாவே இருக்காம்."

"எப்ப திரும்புவே?"

"திரும்பறதாடா? அங்கேயே இருக்கப்போறேன்னு சொல்றேன்." என் தோளில் தட்டினான். "மூஞ்சியத் தொங்கப்போடாத. கோடையில நீ வா. உன் உருண்டைய மட்டும் கொண்டுவராத, எல்லையில பிடிச்சுருவாங்க."

நானும் சிரித்தேன். அவன் நகைச்சுவை எப்போதும் நன்றாக இருக்கும்.

அந்த வாரமே அவனுடைய பழைய பலகை பெட்டி விளிம்பில் மாட்டி இரண்டாக உடைந்தது. அவன் உருண்டு எழுந்து, உடம்பில் ஒரு கீறல் இல்லாமல், உடைந்த துண்டுகளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தான்.

"இனிமே உடையாத ஒண்ணு பாருடா. உடையவே கூடாது. இரும்பு மாதிரி வேணும்."

அந்தத் துண்டுகளை மேஜையில் வைத்து வெகுநேரம் பார்த்தேன். நான் எதையும் முறையாக யோசிக்கிறவன். மலையில் ஒரு திருகு விசை புறப்பட்டால் அது எங்கேயாவது போய்ச் சேர்ந்தே தீரும். பலகை நெளிந்தாலோ உடைந்தாலோ பலகையோடு முடிந்துவிடும். பூட்ஸைப் பிடித்திருக்கும் பிடி கழன்றால் அங்கே முடிந்துவிடும். பலகையும் உடையாது, பிடியும் கழலாது என்றால் மிச்சமிருப்பது முழங்காலுக்குக் கீழே உள்ள எலும்புதான்.

பலகை வந்ததும் முறைப்படி கேட்டேன்: "கழலும் பிடி போடட்டுமா?"

"அதெல்லாம் டூரிஸ்டுக்குடா. குட்டைப் பலகைக்கு எதுக்கு?"

எங்கள் ஆட்கள் எல்லோரும் இப்படித்தான் சொல்வார்கள். பலகை குட்டை, நெம்புகோலும் குட்டை, கால் தப்பிக்கும் என்பது பழைய நம்பிக்கை. பழைய நெளியும் பலகைகளுக்கு அது ஏறக்குறைய உண்மை. விறைத்த பலகைக்கு உண்மையில்லை என்று எனக்குத் தெரியும். அவன் அதைக் கேட்கவில்லை. கேட்காததைச் சொல்லி ஒருவனுடைய சந்தோஷத்தைக் கெடுப்பது என் பழக்கமில்லை. நாலு திருகாணியையும் ஒழுங்காக முறுக்கிக் கொடுத்தேன். விபத்துக்குப் பிறகு நீயே வந்து அவற்றைச் சோதித்தாய். "கைவேலை சுத்தம்யா" என்றாய். அன்றைக்கு நாம் மேலேதான் இருந்தோம். அதனால் அந்தப் பாராட்டை உண்மையென்று எடுத்துக்கொண்டேன்.

ஆனால் பார், பலகை அளவுக்கு மீறி நன்றாக அமைந்துவிட்டது. லியென்ஹார்ட் முன்னைவிட அருமையாக ஓட்ட ஆரம்பித்தான். ஐஸில் கத்திபோல் திரும்பினான். புதுப்பனியில் மிதந்தான். நான் ஜன்னல் வழியாகப் பார்த்துப் பெருமைப்பட்டேன், உண்மையாகவே. ஈஸ்டர் நெருங்கிவந்தது. அவன் துணிமணி பெட்டிக்குள் போக ஆரம்பித்தது. வெறும் பலகையை மட்டும் நம்பிக்கொண்டிருக்க முடியாது என்று புரிந்தது.

பார்க்கில் காலையில் பனியை வாரிச் சமப்படுத்துவது என் முறை. இரும்புப் பெட்டி முடிகிற இடத்தில் மண்வெட்டியால் பனி போட்டு இடைவெளி இல்லாமல் நிரப்ப வேண்டும். லியென்ஹார்டுக்கு ஒரு வழக்கம் உண்டு: பெட்டியின் கடைசியில் பின்புறமாகத் திரும்பி, இடது பக்கம் இறங்குவான். அவனைத் தவிர யாரும் அப்படி இறங்குவதில்லை. அந்த இடது மூலையில் மட்டும் ஒரு பலகை அகலத்துக்குப் பள்ளம் விட்டு, மேலே தூள்பனியைத் தூவினேன். வேறு யாருக்கும் அடிபடக் கூடாது என்பதில் கவனமாக இருந்தேன். நான் பொறுப்பில்லாதவன் இல்லை.

பலகை பள்ளத்தில் நின்றது. லியென்ஹார்ட் நிற்கவில்லை. ஜன்னல் சாத்தியிருந்தும் சத்தம் கேட்டது. நான்தான் முதலில் ஓடினேன். தலையை மடியில் வைத்துக்கொண்டேன். பல்லைக் கடித்துக்கொண்டு அவன் கேட்டது என்ன தெரியுமா?

"பலகை உடைஞ்சுதாடா?"

"ஒரு கீறல்கூட இல்லடா."

"அதானே பாத்தேன்," என்றான். பிறகு மயங்கிவிட்டான்.

ஸ்ட்ரெச்சர் வருவதற்குள் பள்ளத்தைக் காலால் மூடினேன். டாக்டர் திருகு முறிவு என்றார். எலும்பு சுருள் படிக்கட்டுபோலப் பிளந்திருக்கிறதாம். பழையபடி ஆக ஒரு வருஷம் போகலாம், ஆகாமலும் போகலாம் என்றார். நான் அவனை வீட்டுக்குக் கூட்டிவந்தேன். நாற்காலி அதே இடத்தில்தான் இருந்தது.

நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தது. அதற்குள் இங்வில் வந்துவிட்டாள். அவனைக் கவனித்துக்கொள்ளத்தான் வந்தாள். வந்த மறுநாளே நார்வேயில் நல்ல எலும்பு டாக்டர் இருக்கிறார், அடுத்த வாரம் கூட்டிப்போகிறேன் என்றாள். லியென்ஹார்ட் குழந்தைபோலத் தலையாட்டினான். நான் தட்டில் உருளைக்கிழங்கை வைத்தேன். அவளே கேட்டாள்:

"வெண்டலின், போறதுக்குள்ள எனக்கும் அந்தக் குட்டைப் பலகைய ஒருதடவை ஓட்டிப் பாக்கணும். இவன் அதைப் பத்தியேதான் பேசறான். எனக்கும் ஒண்ணு பாத்துத் தர்றியா?"

"இவ கேட்டா இவன் மாட்டேன்னு சொல்வானா?" என்றான் லியென்ஹார்ட். "எனக்குப் போட்டுக் குடுத்த மாதிரியே போட்டுக் குடுடா."

அவர்கள் கேட்டதைத்தான் செய்தேன். அவளுக்குச் சிவப்பு. எடை குறைவானவள், அதற்கு நெளியும் பலகைதான் சரி, ஆனால் விறைத்ததையே கொடுத்தேன். உழைக்கும்.

இதை எழுதும்போதே அவளைப் பார்க்க முடிகிறது. ரெண்டு நாளிலேயே நன்றாகக் கற்றுக்கொண்டாள். லியென்ஹார்ட் மாடியிலிருந்து ஊன்றுகோலை ஆட்டி ஆட்டிச் சொல்லிக்கொடுக்கிறான்.

"பின்னாடி திரும்பு! முட்டிய மடக்கு! என்னடி, பசுமாடு மாதிரி இறங்கற?"

"நீ கால ஒடச்சுக்கிட்டு எனக்குப் பாடம் எடுக்கறியா?" என்று அவள் கீழேயிருந்து கத்துகிறாள். மாடியில் எல்லோரும் சிரிக்கிறார்கள். நானும்தான்.

அவன் இறங்குகிற மாதிரியே அவளையும் இறங்கச் சொல்லிக்கொடுக்கிறான். பின்புறமாக, இடது பக்கம். இன்று காலை மண்வெட்டி என் கையில்தான் இருந்தது.

இது குற்றம் என்று நீ சொல்வாய். சட்டப்படி அப்படித்தான் இருக்கும், நான் மறுக்கவில்லை. பலகையைத் தேர்ந்தெடுத்தது நான், பிடியைப் பூட்டியது நான், பள்ளம் விட்டது நான், இரண்டு முறையும். ஆனால் யாரையும் போகவிடாமல் நான் கட்டிப்போடவில்லை. கொஞ்சம் உட்கார வைக்கிறேன், அவ்வளவுதான். உட்கார்ந்தால் எல்லோருக்கும் நன்றாகத்தான் இருக்கிறது. லியென்ஹார்டைக் கேட்டுப் பார், இந்த வாரம் எவ்வளவு சிரித்திருக்கிறான் என்று.

இனி வேண்டுகோள்.

வீட்டில் மேஜையைச் சுற்றி நாற்காலிகளைப் போட்டு வைத்திருக்கிறேன். இங்வில் மூன்றாவது கை. ஆட்டம் விளங்க நாலாவது வேண்டும். நீ ஈஸ்டருக்குப் பிறகு லின்ஸ் நகரத்துக்கு மாற்றலாகிப் போகிறாய் என்று சொன்னபோது எனக்கு மனசு கஷ்டமாக இருந்தது. அன்றைக்குப் பட்டறையிலிருந்து வெளியே போகும்போது, "போறதுக்கு முன்னாடி எனக்கும் ஒரு பலகை பாத்து வைய்யா, ஒருதடவையாவது ஓட்டணும்" என்றாயே, அதை நான் மறக்கவில்லை.

இங்வில் மறுபடி மேலே போய் நிற்கிறாள். என்னைப் பார்த்துக் கையாட்டுகிறாள். நானும் ஆட்டினேன். லியென்ஹார்ட் "இடது பக்கம்! இடது பக்கம்!" என்று கத்துகிறான். நான் எழுந்து போக வேண்டியிருக்கும். தலையைத் தாங்கிக்கொள்ள ஆள் வேண்டுமே.

உன் பலகை தயாராக இருக்கிறது, ரோமெட். நிறத்தை மட்டும் நீ வந்து பார்த்துக்கொள். மற்றதையெல்லாம் நானே பார்த்துவிட்டேன்.