ஏழாம் நம்பர் பம்பு

வாடிப்பட்டிப் பக்கத்துத் தண்ணீரில் துவரம்பருப்பு சீக்கிரம் வேகாது. நாலு வருஷம் அந்தப் பக்கம் சாப்பிட்டவன் என்பதால் சொல்கிறேன். மற்றபடி குடிப்பதற்கு ருசியான தண்ணீர்தான்.

என் பெயர் வெங்கடேஷ்பாபு. மதுரைக்காரன், வீட்டில் சௌராஷ்டிரம் பேசுவோம். பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரியைப் பாதியில் விட்டுவிட்டு மில்லில் நைட் ஷிப்ட் பார்த்துக்கொண்டிருந்தேன். 1996இல் ஆஷ்லின் மேடம் தன் ஆராய்ச்சிக்கு ஆள் தேடினார். போய்ச் சேர்ந்தேன்.

மேடத்தின் ஆராய்ச்சி நிலத்தடி நீர் பற்றியது. அங்கே ஒரு கிராமத்தை ஒட்டி, ஓர் உரக் கம்பெனி குழி வெட்டிக் கழிவுநீரைத் தேக்கியது. அதிலிருந்த நைட்ரேட் மண்ணில் இறங்கி, ஊரின் அடிபம்புகளில் வந்தது. பெரியவர்களை அது உடனே ஒன்றும் செய்யாது. கைக்குழந்தைக்குப் பால் பவுடரில் கரைத்துக் கொடுத்தால் ரத்தம் கெட்டு உடம்பு நீலம் பாரிக்கும். கொதிக்க வைத்தாலும் நைட்ரேட் போகாது, செறிவு கூடத்தான் செய்யும். இதையெல்லாம் எனக்குக் கற்றுக்கொடுத்தவர் மேடம்தான்.

மாதாமாதம் பம்புகளைச் சோதிப்போம். கெட்டதற்குச் சிவப்புப் பெயின்ட், நல்லதற்குப் பச்சை. பச்சை அடித்ததும் ஜனங்கள் முன்னால் நான் ஒரு டம்ளர் குடித்துக் காட்ட வேண்டும். அது மேடம் வைத்த பழக்கம். அந்த ஊரில் அறிக்கையை யாரும் நம்பமாட்டார்கள், குடிக்கிற ஆளை நம்புவார்கள்.

மூன்று வருஷ உழைப்பை மேடம் நூற்றுச் சொச்சம் பக்கத்தில் எழுதினார். குழியை மூட வேண்டும், அவ்வளவுதான் அவர் கேட்டது. அலுவலகம் அலுவலகமாக ஏறினோம். கடைசியாகப் பார்த்த அதிகாரி மரியாதையான மனிதர். டீ வாங்கிக் கொடுத்தார்.

"நீங்க எழுதியிருக்கதெல்லாம் வாஸ்தவந்தாம்மா. ஆனா இதக் குடிச்சு செத்தவன் ஒருத்தன் இருந்தாச் சொல்லுங்க, நாளைக்கே பூட்டிப்புடுறேன்" என்றார்.

திரும்பும் பஸ்ஸில் மேடம் ஆரப்பாளையம் வரை அறிக்கையையே புரட்டிக்கொண்டு வந்தார். நான் அந்த அதிகாரி சொன்னதை யோசித்தபடி வந்தேன். அவர் கேட்டது நியாயமான கேள்வியாகத்தான் எனக்குப் பட்டது.

2000 சித்திரையில், ஒரு மத்தியானம், ஏழாம் நம்பர் பம்பின் சிவப்பைச் சுரண்டிவிட்டுப் பச்சை அடித்தேன். ஊரிலேயே மோசமான பம்பு அது. வேப்பமரத்தடியில் சீட்டாடிக்கொண்டிருந்தவர்கள் எழுந்து வந்தார்கள். ஒரு டம்ளர் பிடித்துக் குடித்தேன். பேயாண்டி என்ற பெரியவர், "மாப்ள சாயங்காலம் வரைக்கும் நிக்கிறாரான்னு பாப்போம், அப்பறம் நாம குடிப்போம்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சாயங்காலம் வரை அங்கேயே நின்றேன்.

பம்புக்கு எதிர்வீடு சின்னத்தாய் வீடு. பிரசவமாகி ஒன்றரை மாதம். காய்ச்சலில் பால் வற்றிவிட்டது. பவுடர் கரைக்க, பள்ளிக்கூடத்துப் பம்பு வரை நடந்து தண்ணீர் எடுத்து வந்துகொண்டிருந்தாள். இது எனக்கு முன்பே தெரியும்.

"அண்ணே, இது நல்லாயிருச்சா?"

"நல்லாயிருச்சும்மா."

"பிள்ளைக்குக் கரைக்கலாமா?"

"நல்லாக் கொதிக்க வச்சுக் கரைம்மா."

அவள் முகத்தில் தெரிந்த நிம்மதியை இப்போதும் சொல்ல முடியும். இனி குடத்தோடு நடக்க வேண்டாம் அல்லவா.

எட்டாம் நாள் குழந்தையின் உதடும் நகமும் சாம்பல் நீலமாயின. நான்தான் வண்டி பிடித்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். இருதயக் கோளாறாக இருக்குமோ என்று டாக்டர்கள் பார்த்தார்கள். என்ன தண்ணீர் கொடுத்தீர்கள் என்று ஒரு டாக்டர் கேட்டார். நல்ல தண்ணீர்தான், பச்சை அடித்தது என்று சின்னத்தாய் சொன்னாள். நான் பக்கத்தில் நின்றேன். இதற்கு ஓர் ஊசி உண்டு என்று மேடம் சொல்லியிருந்தார். போட்டால் ஒரு மணி நேரத்தில் நிறம் திரும்பிவிடும். குழந்தை இறந்த பிறகு, அந்த டாக்டரைத் தனியாகக் கண்டு நைட்ரேட் என்ற வார்த்தையைச் சொன்னேன். ரத்தத்தைச் சோதித்து எழுதிக் கொடுத்தார். முன்பே சொல்லியிருந்தால் பிழைத்திருக்கும். பிழைத்திருந்தால் அந்த அதிகாரி இன்னொரு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பியிருப்பார்.

டாக்டர் எழுதியதைப் பார்த்து, பதினோராம் நாள் கம்பெனியைப் பூட்டினார்கள். குழியில் மண் தள்ளினார்கள். ஊருக்கு லாரியில் தண்ணீர் வந்தது. மூன்று வருஷம் எழுதி ஆகாத காரியம்.

மேடம் அன்றைக்கே ஊருக்கு வந்தார். பம்பைப் பார்த்தார், கையிலிருந்த பதிவேட்டைப் பார்த்தார்.

"பாபு, ஏழாம் நம்பர்ல யார் பச்சை அடிச்சது?"

"நான்தான் மேடம்."

காரணத்தையும் சொன்னேன். சந்தோஷப்படுவார் என்று எதிர்பார்க்கவில்லை, புரிந்துகொள்வார் என்று நினைத்தேன். அவர் பதிவேட்டை மூடினார். பிறகு சின்னத்தாய் வீட்டுக்குள் போனார். அங்கிருந்து நேராக ஸ்டேஷனுக்கு, உங்களிடம் வந்திருக்கிறார்.

கம்பெனி வக்கீல் அதைப் பிடித்துக்கொண்டார். ஆராய்ச்சி ஆளே நிறத்தை மாற்றினான் என்றால் அந்த ஆராய்ச்சியில் எதை நம்புவது என்று கேட்டார். பூட்டைத் திறந்துவிட்டார்கள். குழியை மறுபடி வெட்டுகிறார்கள் என்று கேள்வி.

பெயின்ட் அடித்ததும், சின்னத்தாயிடம் சொன்னதும், ஆஸ்பத்திரியில் சொல்லாமல் நின்றதும் நான்தான். கையெழுத்துப் போட்டுத் தருகிறேன். ஆனால் ஒன்றையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள். அந்தக் குழந்தையின் சாவுக்கு ஒரு பலன் இருந்தது. மேடம் வாயைத் திறந்துதான் அதை வீணாக்கினார்.