பிரகாசம் அண்ணனின் கைப்பிடிக் கஞ்சி

பிரகாசம் அண்ணனின் நினைவுக் கூட்டத்துக்குத் தலைமையேற்றிருக்கும் போதகர் ரூபஸ் ஐயா அவர்களே, துயரத்தோடு முன்வரிசையில் அமர்ந்திருக்கும் அண்ணனின் துணைவியார் சகோதரி ஞானகுமாரி அவர்களே, கொரட்டூர் ஏரிக்கரை நடையாளர் சங்கத்து நண்பர்களே, தாய்மார்களே! சங்கச் செயலாளர் சண்முகசுந்தரம் உங்கள் முன் தலைகுனிந்து நிற்கிறேன்.

நாற்காலி போதவில்லை. வாசல்வரை நிற்கிறீர்கள். மேடை ஏறியதும் எனக்கு முதலில் வந்தது கண்ணீர் அல்ல, பொறாமை. எனக்கு இப்படி ஒரு கூட்டம் வருமா? கேசரி போட்டுக் கூப்பிட்டும் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்துக்கு வராதவர்கள் எல்லாம் இங்கே வந்திருக்கிறீர்கள். ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த செயலாளர் நான். ஆனால் ஓட்டே இல்லாமல் 'கஞ்சி அண்ணன்' என்று பட்டம் வாங்கியவர் பிரகாசம் அவர்கள்!

நாங்கள் இருவரும் ஆவடித் தொழிற்சாலையில் ஒரே பிரிவில் வேலை பார்த்தோம். ஒன்றாகவே ஓய்வு பெற்றோம். ஒரே டாக்டர் இருவருக்கும் சர்க்கரை என்று சொன்னார். நான் ஜிம்மில் சேர்ந்தேன், விலை உயர்ந்த ஷூ வாங்கினேன். மகள் படிப்புக்குப் போக அவர் பென்ஷனில் மிச்சம் ஏது? ரப்பர் செருப்போடு ஏரிக்கரையைச் சுற்றினார், அரிசியைக் குறைத்தார், கீரையைக் கூட்டினார். சர்க்கரை யாருக்கு இறங்கியது? அவருக்கு! பரிசோதனை முடிவோடு அவர் சிரித்துக்கொண்டே வெளியே வரும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அதோடு விட்டாரா? அவர்கள் வீட்டில் உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசி எடுத்து ஆலயத்துக்கென்று தனியே வைப்பார்கள். அந்தக் கைப்பிடி வழக்கத்தை ஏரிக்கரைக்குக் கொண்டுவந்தார். நடக்க வருபவர்கள் நொய்யோ பாசிப்பயறோ ஒரு பிடி பையில் போட வேண்டும். முருங்கைக்கீரை யார் வீட்டு மரத்திலிருந்தாவது வரும். மறுநாள் எல்லாம் ஒரே பானையில் கஞ்சியாகும். அந்தப் பையின் வாயை ஒரு கை மட்டும் நுழையும்படி தைத்தவர் சகோதரி ஞானகுமாரி. ஏன் தெரியுமா? வெறுங்கையை உள்ளே விட்டு எடுத்தாலும் பக்கத்தில் நிற்பவருக்குத் தெரியக்கூடாது என்று அண்ணன் சொல்லித் தைக்கவைத்தார். இது எனக்குத் தோன்றாமல் போயிற்றே என்று இன்றும் மனம் ஆறவில்லை.

டீயும் பன்னுமே காலைச் சாப்பாடு என்றிருந்த தொழிற்பேட்டைத் தொழிலாளர்கள் வந்தார்கள். வீட்டு வேலைக்குப் போகும் குப்பம்மா தினம் வந்தார், தலைசுற்றல் போய்விட்டது என்று ஊரெல்லாம் சொன்னார். என் மனைவி லோகநாயகியும் அங்கே கஞ்சி குடிக்கப் போனாள். என் வீட்டு அடுப்பு ஏழரைக்கு முன் எரிவது நின்றது.

பொறுப்பேனா? போட்டிக்குக் கல்யாண மண்டபத்தில் ஆரோக்கியக் கருத்தரங்கு ஒன்று ஏற்பாடு செய்தேன். சத்துப் பவுடர் விற்கும் ஒருவரை ஐயப்பன்தாங்கலிலிருந்து வரவழைத்தேன். கூட்டமும் வரவில்லை, பேச்சாளரும் வரவில்லை. தேடிப்போனால் ஏரிக்கரையில் வழி கேட்க நின்றவர், கையில் டம்ளரோடு உட்கார்ந்திருக்கிறார். என்னைப் பார்த்ததும், "சார், இதுல இன்னா சார் போட்டுக்கீறாங்க? எங்க பவுடர் இதுக்குக் கிட்டகூட வராது" என்றார். அவருக்கு இரண்டாவது டம்ளர் ஊற்றிக்கொண்டிருந்தவர் பிரகாசம் அவர்கள். எனக்கும் ஒன்று நீட்டினார். கோபத்தோடு குடித்தேன். உப்பு குறைவு என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அவரைத்தான் போன வாரம் எதிர்த்திசையில் வந்த ஒரு பைக் அடித்துப் போட்டுவிட்டது. இன்று வாசலில் சிலர், "இவ்ளோ கஞ்சி குடிச்சும் போய்ட்டாரே, இன்னாத்துக்கு இதெல்லாம்?" என்று பேசிக்கொண்டது என் காதில் விழுந்தது. கஞ்சி குடித்தால் பைக் இடிக்காது என்று அவர் எப்போதாவது சொன்னாரா? அவர் போன நாளிலிருந்து பானை கவிழ்ந்து கிடக்கிறது. குப்பம்மா மறுபடி டீக்கடை வாசலில் நிற்கிறார். இந்தப் பேச்சு இன்னும் ஒரு வாரம் ஓடினால் பிரகாசம் அவர்கள் இரண்டாம் முறை சாவார்.

நேற்று சகோதரி ஞானகுமாரி என் வீட்டுக்கு வந்தார். கையில் பானை. ஆஸ்பத்திரியில் நினைவு இருந்தபோது அண்ணன் அவரிடம் சொன்னதை அப்படியே சொன்னார்: "பானைய சண்முகசுந்தரத்தாண்ட குடு. அவனுக்கு என்னைக் கண்டா எரியும். என்னியவிட நல்லா செஞ்சி காட்டணும்னே வுடாம செய்வான்."

பாருங்கள், சாகும்போதும் என்னை ஜெயித்துவிட்டுப் போயிருக்கிறார்! என் நல்ல குணத்தை நம்பிக் கொடுத்திருந்தால் மறுத்திருப்பேன். பொறாமையை நம்பிக் கொடுத்ததை எப்படி மறுப்பது? வாங்கிக்கொண்டேன்.

ஆகவே, நண்பர்களே, இந்தச் சபையில் சபதம் செய்கிறேன். நாளை விடிந்ததும் ஏரிக்கரையில் அடுப்பு எரியும். ஒரு பிடி உள்ளவர்கள் கொண்டு வாருங்கள், இல்லாதவர்கள் கையை மட்டும் கொண்டு வாருங்கள். சீரகம் வறுத்துப் போடப்போகிறேன், அது அவர் செய்யாதது. என் கஞ்சி அவர் கஞ்சியைவிட நன்றாகவே இருக்கும். நீங்களே குடித்துவிட்டுச் சொல்வீர்கள்.

ஆனால் பிரகாசம், ஒரே ஒரு நாளாவது நீ என்னைப் பார்த்துப் பொறாமைப்பட வேண்டும் என்று எத்தனை வருஷமாகக் காத்திருந்தேன். அந்த நாள் நாளைக்கு வருகிறது. பார்க்க நீ இல்லையே!