பீரங்கிக் கட்டை

காபி நல்லா இருக்கு. எங்க படகுல கிடைக்கிறது வெறும் கழனித்தண்ணி. இந்த ஏலக்காய் பன்னும் பிரமாதம்.

ராக்னில்ட் பத்திக் கேட்டீங்க. எங்க கடலடி அகழாய்வுக்கு அவதான் தலைவி. எனக்கு அவமேல கோபமே கிடையாது. நாங்க ஆராயுற அந்த மூழ்கின போர்க்கப்பல் ஐந்நூறு வருஷமா கெடாம கிடக்குதுன்னா, நம்ம பால்டிக் தண்ணியில மரந்தின்னிப் புழு இல்லாததாலதான். காத்து பட்டாத்தான் அதுக்குக் கேடு. போன கோடையில பீரங்கியைத் தாங்கின ஓக் கட்டை ஒண்ணை மேல எடுத்தோம். அதை ஊறப் போட்டிருந்த அருங்காட்சியகத் தொட்டியில தண்ணி வத்தினதை யாரும் கவனிக்கல. கருவாடு மாதிரி சுருண்டு போச்சு. நான் அழுதேன். அவ, "போனா போகுது சிக்ஸ்டன், கீழ இன்னொண்ணு இருக்கே"ன்னா.

அந்த இன்னொண்ணையாவது விட்டுடுன்னு கெஞ்சினேன். "உன் கட்டைக்குத் தாலாட்டு பாடி முடிச்சிட்டியா?"ன்னு சிரிச்சா. செவ்வாய்க்கிழமை எடுக்கிறதா முடிவாச்சு. திங்கட்கிழமை நான் இறங்கி, கட்டைக்கு முட்டுக் கொடுத்திருந்த மணல் மூட்டைகள்ல ரெண்டை உருவினேன். கட்டை லேசா அசைஞ்சா அவ பயந்து அதை விட்டுடுவான்னு நினைச்சேன். பயமுறுத்தத்தான், வேற ஒண்ணுமில்ல.

மறுநாள் அவ இறங்கினா, அவ இடுப்புல கட்டின கயிறோட மறுமுனை என் கையில. பேசுற கருவி ரிப்பேர். என் கையில கயிறு இருந்தா அவளுக்கு அதுவே போதும், வேற யாரையும் நம்ப மாட்டா. ஒரு இழுப்புன்னா நல்லா இருக்கேன்னு அர்த்தம். விடாம இழுத்தா ஆபத்து. கயிறு பிடிக்கிறவன் சொல்றதுதான் படகுல சட்டம், இன்னொருத்தன் அதைத் தொட மாட்டான்.

கொஞ்ச நேரத்துல இழுக்க ஆரம்பிச்சா. விடாம. ஆபத்துன்னா குதிக்க முக்குளிக்கிற உடையோட உட்காந்திருந்த ஆல்வார், "எப்படி இருக்கா?"ன்னு கேட்டான். "நல்லாத்தான் இருக்கா"ன்னேன். கட்டை சரிஞ்சு அவ காத்துக்குழாய் மேல உட்காந்துடுச்சுன்னு எனக்குப் புரிஞ்சுது. ஆல்வாரை இறக்கினா முதல் வேலையா கட்டையைத்தான் தூக்குவான். அதனால அவனை இறக்கல.

"என்னப்பா, கயிறு இந்த ஆட்டம் ஆடுது?"

"அலை"ன்னேன். அன்னிக்கு அலையே இல்ல. கயிறு அடங்கினதுக்கு அப்புறம்தான் அவனை இறங்கச் சொன்னேன்.

இதுக்கு எங்க வேணாலும் கையெழுத்துப் போடுறேன். ஆனா ஒண்ணு. அவளை எடுக்கப் போனவங்க கட்டையையும் தூக்கிட்டு வந்து துறைமுகத்துல வெயில்ல போட்டிருக்காங்க. இங்க கூட்டிட்டு வரும்போது பாத்தேன். அத்தனை பேர் சுத்தி நிக்கிறாங்க, ஒருத்தராவது ஒரு ஈரச்சாக்கு எடுத்துப் போடல. கண்ணெதிரே ஒரு உயிர் போறதை எப்படித்தான் சும்மா நின்னு பாக்க முடியுதோ.