நின்றால் போடும் ஜாக்கெட்

ஈஜிபுரா சிக்னலில் பஸ் நின்றிருந்தது. எனக்கு முன் சீட்டில் ஒரு கணவன் மனைவி. ஆபீஸ் ஆட்களோடு இமயமலை ஏறப்போகும் கணவருக்கு ஜாக்கெட் வாங்கக் கிளம்பியிருந்தார்கள்.

“மலை ஏறும்போது கழட்டிடணுமாம். நின்னாதான் போடணுமாம்,” என்றார் அவர், போனைப் பார்த்தபடி.

“அப்ப அது குளிருக்கு இல்லையா?”

“குளிருக்குத்தான். போட்டுக்கிட்டு ஏறினா வேர்க்குமாம். அந்த ஈரத்துல இன்னும் குளிருமாம்.”

“பனியில வேர்க்குமா?”

“அதான் எனக்கும் புரியல.”

பின் சீட்டில் எனக்கும்தான்.

“நடக்கறதுக்கு மெல்லிசு, நிக்கறதுக்கு தடிமன்னு போட்டிருக்கு. எதை எடுக்கறது?”

மனைவி போனை எட்டிப் பார்த்தார்.

“நம்ம வீட்டு ரெண்டு மாடி ஏறவே நாலு எடத்துல நிக்கறீங்க. தடிமனாவே எடுங்க. கழட்டற வேலையே இருக்காது.”