டாக்டர் சைக்கால் நிறுத்திவைத்த கட்டுரை

மேடையில் வீற்றிருக்கும் இயக்குநர் ஒரோஸ்பெக் அவர்களே, துறைத் தலைவர்களே, மனைவி சைக்காலைப் பறிகொடுத்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் மிர்லான் அண்ணா அவர்களே, நாற்பதாம் நாள் துக்கத்துக்காக பிஷ்கேக்கின் மூலைமுடுக்கிலிருந்தெல்லாம் வந்திருக்கும் பெரியோர்களே! அனைவருக்கும் சலாம்.

நான் தாலான்பெக். நாங்கள் அக்கா என்றே அழைத்த டாக்டர் சைக்கால் ஜுனுஷோவாவின் ஆய்வுக்கூடத்தில் பதினோரு ஆண்டுகள் உதவியாளனாக இருந்தவன். நாலு வார்த்தை பேசி, அழுதுவிட்டு இறங்கலாம் என்றுதான் வந்தேன். இயக்குநர் பேசியதைக் கேட்டதும் அழுகை நின்றுவிட்டது. வயிறு எரிகிறது!

அவர் என்ன சொன்னார்? அக்கா எழுதி வெளிவராமல் கிடக்கும் கட்டுரையை, அக்காவின் பெயரையே முதலில் போட்டு, அவர் நினைவாக வெளியிடப் போகிறாராம். மிர்லான் அண்ணாவின் சம்மதம் மட்டும்தான் பாக்கியாம். நீங்களும் தலையாட்டினீர்கள். அந்தக் கட்டுரையைத் தடுத்து நிறுத்தியதே அக்காதான் என்று உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

அக்காவின் வேலை என்ன? உடம்புக்குள் வைத்தால் சில மாதங்களில் தானே கரைந்துபோகும் ரப்பர் மாதிரியான தாள் செய்வது. அதன்மேல் தலைமுடியைவிட மெல்லிய பள்ளங்கள், கோடு கோடாக. அதில் தசைச் செல்களை விட்டால், அவை பள்ளத்தின் போக்கிலேயே நீண்டு, ஒரே திசையில் வளரும். பழுதுபட்ட இதயத்துக்கு ஒட்டுப்போட அதுதான் வேண்டும். ஒரே திசையில் நின்றால்தான் தசை சேர்ந்து இழுக்கும். ஆளுக்கொரு பக்கம் இழுத்தால் அது இதயமா, சந்தைக்கடையா?

மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒருநாள், பள்ளமே இல்லாத வழவழப்பான தாளிலும் செல்கள் வரிசையாக நின்றன. ஒன்றல்ல, இரண்டல்ல, நாற்பது தாளிலும்! இனி நுணுக்கமான அச்சே வேண்டாம், வெறும் தாளே போதும் என்று இயக்குநர் துள்ளினார். அக்காவை அவசரமாகக் கட்டுரை எழுதவைத்து, ஆடு வெட்டி பேஷ்பர்மாக் விருந்து வைத்தார். எல்லாரும் தட்டில் கை வைத்தோம். அக்கா மட்டும் வைக்கவில்லை.

“ஏன்டா தாலான், பள்ளமும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. இதுங்களுக்கு இந்தப் பக்கம்னு யாருடா சொன்னது?”

“யார் சொன்னா என்னக்கா, நின்னுச்சா இல்லியா? சாப்பிடுங்க, ஆறிடும்.”

“நீயே கொட்டிக்கோ. நான் போய்ப் பாக்கறேன்.”

பார்த்தார். தாள் ஒட்டாமல் உரிந்துவர, அதை வார்க்கும் கண்ணாடித் தகட்டில் சர்க்கரைக் கரைசல் பூசுவோம். காகிதத்தால் மெல்ல ஒற்றவேண்டிய அந்தப் பூச்சை, காயும் முன்னே யாரோ துணியால் துடைத்திருந்தார்கள். துணி இழுத்த கீறல்கள்தான் தாளில் பதிந்து செல்களுக்கு வழிகாட்டின. சந்தேகமே இருக்கக்கூடாது என்று, அக்கா ஒரு தகட்டைத் தன் கையாலேயே வட்டமாகத் துடைத்தார். ஐந்தாம் நாள் செல்கள் வட்டமாக நின்றன!

உடனே இயக்குநர் அறைக்குப் போனார். நானும் பின்னாலேயே போனேன்.

“கட்டுரைய நிறுத்துங்க ஐயா. தப்பு எங்க கூடத்துல.”

“யார் செஞ்சது? பேரச் சொல்லு.”

“என் கூடம், என் தப்பு. எழுதிக்கோங்க.”

எழுதிக்கொண்டார்கள். கோப்பில் ‘கவனக்குறைவு’ என்று எழுதினார்கள். கூடத்தைப் பிடுங்கினார்கள். இந்த ஊரிலேயே நுண்பள்ளம் வார்க்கத் தெரிந்த ஒரே கையைக் கிடங்கில் சீசா எண்ண வைத்தார்கள். மூன்று ஆண்டுகள்! இன்று அவரை ‘நேர்மையின் சிகரம்’ என்கிறீர்கள். உயிரோடு இருந்தவரை கிடங்கு, செத்த பிறகு சிகரமா? அந்தக் கட்டுரையை நம்பி எவனோ ஒருவன் வெறும் தாளை ஒரு குழந்தையின் இதயத்தில் வைத்துத் தைப்பான். அது துடிக்காது. அப்போது யார் பெயர் முதலில் இருக்கும்? சைக்கால்! வேண்டாம் என்று சொல்ல அவர் வரமாட்டார் என்ற தைரியம்தானே உங்களுக்கு?

“தாலான், இது அதுக்கான இடமா? உக்காருப்பா” என்கிறார் இயக்குநர். இதுதான் ஐயா இடம். கிடங்கில் நின்று கத்தினால் யாருக்குக் கேட்கும்?

இன்னும் முடிக்கவில்லை. அந்தத் துணியைப் பிடித்த கை யாருடையது? இதோ, இந்தக் கை! ஒற்றும் காகிதம் தீர்ந்திருந்தது. போய்க் கேட்கச் சோம்பல்பட்டு, பழைய சட்டையைக் கிழித்துத் துடைத்தேன். அக்காவுக்கு முதல் நாளே தெரியும். எனக்கு அப்போதும் வேலை நிரந்தரமாகவில்லை. அவர் என் பெயரைச் சொல்லவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை. தூ! என்ன மனிதன் நான்!

மிர்லான் அண்ணா, சம்மதம் கொடுக்காதீர்கள். உங்கள் காலில் விழுந்து கேட்கிறேன். தோழர்களே, நாளைக் காலை அந்த நாற்பது தாளையும் துணி படாமல் மறுபடி வார்ப்பேன். வர விரும்புகிறவர்கள் வாருங்கள். செல்கள் எப்படி நிற்கின்றனவோ அப்படியே எழுதுவோம். தாறுமாறாக நின்றால் தாறுமாறு என்றே எழுதுவோம்.

இயக்குநர் அவர்களே, கோப்பைக் கொண்டுவரச் சொல்லுங்கள். கவனக்குறைவு என்ற சொல்லுக்குப் பக்கத்தில் இருக்கும் பெயரை அடித்துவிட்டு என் பெயரை எழுதுங்கள். எழுதும்வரை இந்த மேடையைவிட்டு இறங்கமாட்டேன். பேனா என்னிடம் இருக்கிறது.