பதினேழாம் பக்கத்து அட்டை

…இல்லண்ணே, படக் கார்டு ஓரத்த வட்டமா வெட்டுங்க. லேமினேஷன் போட்டு முனை கூரா நின்னா எம்பொண்ணு தொடவே மாட்டா. இத எந்தப் புத்தகமும் சொல்லல, நானாக் கண்டுபிடிச்சது. வீட்ல ஒரு அலமாரி பூரா புத்தகம் இருக்கு, ஆட்டிசம் உள்ள பிள்ளைங்களப் புரிஞ்சுக்கறது எப்படின்னு. பெத்தவளுக்குப் புரியாதது அச்சடிச்சவனுக்குப் புரிஞ்சிருக்கு பாருங்க.

ஒரு புத்தகம், கண்ணப் பாத்துப் பேசப் பழக்குங்கன்னு சொல்லுது. அடுத்தது, கண்ணப் பாக்கச் சொல்லிக் கட்டாயப்படுத்தாதீங்கன்னு சொல்லுது. ரெண்டையும் படிச்சுட்டு ஒரு வாரம் நான் அவ காதப் பாத்துப் பேசிக்கிட்டிருந்தேன். அட்டைப் படத்துல அம்மாவும் பிள்ளையும் வெள்ளை சோபாவுல உக்காந்து சிரிக்கறாங்க. பதினாலு வருஷமாச்சு, எங்க வீட்ல வெள்ளைன்னு சொல்ல சுவரு கூடக் கிடையாது.

பருவ வயசுப் பிள்ளைங்களுக்குன்னு கொட்டை எழுத்துல போட்டு ஒண்ணு வித்தான். திறந்தா கரடி பொம்மை பல்லு விளக்குது. எம்பொண்ணு என்னவிட நாலு விரக்கடை உயரம்ண்ணே. அந்தக் கரடியப் பாத்துட்டு என்னை ஒரு பார்வை பாத்தா. பேச்சு வராதுதான். அந்தப் பார்வைக்கு எதுக்குப் பேச்சு?

என் நாத்தனார் இருக்காங்களே, தினம் ஒரு வீடியோ அனுப்புவாங்க. மூணே மாசத்துல சரியாயிடுமாம். ஒரு நாள் வந்து கூட இருங்கன்னா மட்டும் அவங்களுக்கு முதுகு பிடிச்சுக்கும்.

ம்… மெஷின்ல மெதுவா விடுங்க, அது குளிக்கற கார்டு. அடுத்தது பள்ளிக்கூட வண்டி. வரிசை மாத்திடாதீங்க. உருப்படியா இருந்தது ஒரே ஒரு புத்தகம், பள்ளிக்கூடத்துல சும்மா குடுத்தது, ஒல்லியா இருக்கும். அன்னன்னைக்கு நடக்கப் போறத படமா போர்டுல வரிசையா மாட்டணும். முடிய முடிய அவளே கழட்டி டப்பாவுல போடுவா. நாலு வருஷம் ஓடுச்சு, ஒரு அழுகை கிடையாது. இப்ப? ஒம்போது நாளாச்சு. எல்லா கார்டையும் பிச்சுக் கசக்கிக் கட்டிலுக்கடியில போட்டுட்டா. வாசப்படி தாண்ட மாட்டேங்கறா, பள்ளிக்கூடம் இல்ல, ஒண்ணும் இல்ல. அதான் எல்லாத்தையும் புதுசா போட வந்திருக்கேன். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாதுன்னு சும்மாவா சொன்னாங்க.

என்ன நடந்துச்சா? ஒண்ணும் நடக்கல. பல் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனேன், அவ்வளவுதான்.

இல்ல… போர்டுல பல் டாக்டர் கார்டு இல்ல.

நீச்சல் கார்டு இருந்துச்சு.

அப்படிப் பாக்காதீங்கண்ணே. கடவாப் பல்லு வலியில ரெண்டு நாளா அவ சாப்பிடல. பல்லுன்னு மாட்டினா வருவாளா? அதான் நீச்சல் கார்ட மாட்டினேன். பையில நீச்சல் உடுப்பையும் துண்டையும் கூட வச்சேன், ஒரு குறை வைக்கல. வண்டி குளத்துப் பக்கம் திரும்பாம நேராப் போச்சா, அந்தக் கார்ட எடுத்து என் மூஞ்சிக்கு நேரா நீட்டினா. திருப்பித் திருப்பி நீட்டினா. நான் ஜன்னலுக்கு வெளிய பாத்துக்கிட்டிருந்தேன். டாக்டர் வீட்டுப் படியிலயே உக்காந்துட்டா. ஒரு மணி நேரம் கத்தினா. பல்லும் பாக்கல. இன்னும் மாத்திரையிலதான் ஓடுது.

நான் என்ன வேலை பாக்கறேன்னு சொன்னேனா? பஸ் ஸ்டாண்டுல மைக்ல அறிவிக்கறது நான்தான். மூணாம் நம்பர்ல நிக்கற வண்டி அஞ்சுக்கு மாறிச்சுன்னா ஆறு தடவ சொல்லுவேன். சிரமத்துக்கு வருந்துகிறோம்னு வேற இழுத்துச் சொல்லுவேன். யாரு எவருன்னு தெரியாத ஜனத்துக்கு. எம்பொண்ணுக்கு ஒரு தடவ சொல்லல. ஊருக்குத்தான் உபதேசம்.

இந்தாங்க, கடைசி கார்டு. இது பழசு, அந்த ஒல்லிப் புத்தகத்துலயே இருந்தது, பதினேழாம் பக்கம். வளைஞ்ச அம்பு போட்டிருக்கா? திட்டம் மாறினா முதல்ல இந்த அட்டையக் காட்டுங்க, அப்புறம் புது அட்டைய மாட்டுங்கன்னு கீழயே எழுதியிருக்கான். நாலு வருஷமா நான் இத வெட்டவே இல்ல. பின்பக்கம் வெள்ளையா இருந்துச்சா, சாமான் லிஸ்ட் எழுதிட்டேன். தக்காளி, சோப்பு, விளக்குமாறு. ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னு சொன்னாளாம், அந்தக் கதைதான் என் கதை.

இத வெட்டினது நான் இல்லண்ணே. இன்னைக்குக் காலையில அவ. அந்தக் காலி போர்டுல இத மட்டும் மாட்டினா. அப்புறம் என் விரலப் பிடிச்சு இழுத்து அது மேல வச்சு அழுத்தினா. வலிச்சுது. நல்லா வலிக்கட்டும்னு விட்டுட்டேன்.

லிஸ்ட்ட மறைக்கவா? வேணாம், ரெண்டு பக்கமும் தெரியட்டும். முன்பக்கம் அவ பாக்க, பின்பக்கம் நான் பாக்க.

நாளைக்குப் பத்து மணிக்குத் திரும்ப அதே டாக்டர். காலையில அம்ப மாட்டுவேன், பக்கத்துலயே பல்லு கார்ட மாட்டுவேன். வரமாட்டேன்னு சொல்லுவாளா இருக்கும். சொல்லட்டுமே. எங்க போறோம்னு தெரிஞ்சுக்கிட்டு சொல்லட்டும்.

ஓரம் வட்டமாண்ணே. மறந்துடாதீங்க.